கேரியர் ஸ்கூலில் பாதியில் நிற்கிறவர்கள் எங்கே உருவாகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் கேரியர் ஸ்கூல், கேரியர் காலேஜ் என்று சொல்லப்படும் தனியார் தொழிற்கல்விக் கூடங்களில் சேருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்காமலே போய்விடுகிறார்கள் என்று படித்தேன். வருகிறவர்கள் ஏழைகள், வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், அதனால்தான் என்று பள்ளிக்காரர்கள் சொல்கிறார்கள். இல்லை, சேர்க்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறதா? என் உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பில் சேர யோசிக்கிறாள், அதனால் கேட்கிறேன்.

பதில்:

இருக்கிறது. பள்ளிக்காரர்கள் சொல்வதும் பொய்யில்லைதான். மெடிக்கல் அசிஸ்டன்ட், டென்டல் அசிஸ்டன்ட், வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், முடிதிருத்தம் என்று நேராக வேலைக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லும் இந்தப் படிப்புகளுக்கு வருகிறவர்களில் பலர் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பகலில் ஒரு வேலை, வீட்டில் பிள்ளை, ஓடினால் ஓடும் நின்றால் நிற்கும் பழைய கார். ஆனால் கிட்டத்தட்ட இதே மாதிரி ஆட்கள் ஒரு பள்ளியில் முடித்துவிடுகிறார்கள், அதே ஊரின் இன்னொரு பள்ளியில் இரண்டாம் மாதமே காணாமல் போகிறார்கள். இரண்டு இடத்திலும் வறுமை ஒன்றுதானே? யாரை, என்ன சொல்லி, எவ்வளவு அவசரமாகச் சேர்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் கிடக்கிறது. அப்படியொரு பள்ளியின் நிதி உதவி அலுவலகத்தில் சில வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்காகச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் போதும், அங்கே எத்தனை பேர் பாதியில் நிற்பார்கள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதலில் பணம் வரும் வழி. இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகள். பங்குச் சந்தையில் இருந்தவையும் உண்டு. மாணவர் கையிலிருந்து பெரிதாக எதுவும் வருவதில்லை. பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையும் மத்திய அரசின் கல்விக் கடனும்தான் கட்டணமாகப் பள்ளிக்குப் போய்ச் சேருகிறது. இது அளவு மீறக்கூடாதென்று 1992-ல் ஒரு வரம்பு போட்டார்கள்: வருமானத்தில் 85 சதவீதத்துக்கு மேல் மத்திய மாணவர் உதவியிலிருந்து வரக்கூடாது. 1998-ல் அதை 90 ஆக்கினார்கள். ராணுவத்தில் இருந்தவர்களுக்கான கல்விப் பணம் (ஜி.ஐ. பில் என்பார்கள்) வெகுநாள் அந்த 90-க்குள் சேராமல் மீதி 10-ல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் கொண்டுவரும் ஒவ்வொரு டாலருக்கும் இன்னும் 9 டாலர் அரசுப் பணத்தை மற்ற மாணவர்கள் வழியாக வாங்கிக்கொள்ளலாம். ராணுவ முகாம்களைச் சுற்றி ஏன் அத்தனை அட்மிஷன் ஆட்கள் திரிந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். குவின்ஸ்ட்ரீட் என்ற கம்பெனி, அரசுத் தளம் போலவே தோன்றும் ஜிஐபில்.காம் என்ற தளத்தை நடத்தி, அங்கே வந்தவர்களின் விவரங்களை லாப நோக்குக் கல்லூரிகளுக்கு விற்றது. 2012-ல் 20 மாநிலங்களோடு 25 லட்சம் டாலருக்குச் சமரசமாகி, தளத்தை அரசிடமே ஒப்படைத்தது. 2021-ல் வந்த சட்டம்தான் அந்த 90/10 ஓட்டையை அடைத்தது.

அடுத்தது சம்பளம். ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது 1992-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பத்து வருடம் கழித்து, 2002-ல், கல்வித் துறை அந்தத் தடைக்கு 12 விதிவிலக்குகளைக் கொடுத்தது. அதில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஒருவருடைய சம்பளத்தை வருடத்துக்கு இரண்டு முறை வரை கூட்டலாம், குறைக்கலாம். சேர்த்த ஆட்களின் எண்ணிக்கையை மட்டுமே வைத்துச் செய்யாமல் இருந்தால் சரி. பிறகென்ன? மதிப்பீட்டுத் தாளில் 'நேரம் தவறாமை', 'குழுவாக வேலை செய்வது' என்று இரண்டு கட்டம் சேர்த்துக்கொண்டார்கள். நடைமுறையில் தலையெண்ணிதான் சம்பளம். ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் கல்வித் துறையோடு 2004-ல் 98 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. அங்கே அட்மிஷனில் வேலை பார்த்த இரண்டு பேர் போட்ட வழக்கில் 2009-ல் அரசுக்கு 6 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்தது. ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வளாகங்களை நடத்திய எடிஎம்சி என்ற கம்பெனி 2015-ல் 9 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்து இதே மாதிரி வழக்கிலிருந்து வெளியே வந்தது. அந்த 12 விதிவிலக்குகளும் 2011 ஜூலை முதல் இல்லை.

தாலி கட்டியதும் கமிஷனை வாங்கிக்கொண்டு போகிற தரகரிடம் குடித்தனம் எப்படி நடக்கிறது என்று கேட்டு என்ன பயன்? ஆள் சேர்க்கும் பிரதிநிதியான அட்மிஷன் ரெப்பின் நிலையும் அதுதான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பார்த்தவர்களில் பலர் நல்லவர்கள், மாணவர்கள் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர்கள். இந்த மாத டார்கெட் குறைந்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதன் அளவு என்ன என்பதை டாம் ஹார்கின் தலைமையிலான செனட் குழு 2012 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை காட்டியது. 30 கம்பெனிகளை இரண்டு வருடம் தோண்டியிருந்தார்கள். 2010-ல் அந்தக் கம்பெனிகளில் ஆள் சேர்க்கும் வேலையில் 35,202 பேர். மாணவர்களுக்கு உதவும் பிரிவில் 12,452 பேர். வேலை தேடித்தரும் பிரிவில் வெறும் 3,512 பேர். இந்தப் படிப்புகளை 'வேலை கிடைக்கும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். 2009 நிதியாண்டில் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் சுமார் 420 கோடி டாலர், லாபம் சுமார் 360 கோடி, பாடம் நடத்துவதற்கு சுமார் 320 கோடி. விளைவு: 2008-09-ல் சேர்ந்தவர்களில் 54 சதவீதம் பேர் 2010 நடுவிலேயே பட்டமோ சான்றிதழோ இல்லாமல் வெளியேறிவிட்டார்கள். இரண்டு வருட அசோசியேட் பட்டப் படிப்பில் அது 63 சதவீதம். வெளியேறியவர்களில் பாதிப் பேர் நான்கு மாதம்கூட இருக்கவில்லை.

இந்த நான்கு மாதம் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். பாடம் கடினமாகித் தோற்றவர்களாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாண்டிப் போயிருப்பார்கள். நான்கு மாதத்துக்குள் போகிறவர் பெரும்பாலும் சேர்ந்திருக்கவே கூடாதவர், அல்லது வேறு படிப்பில், வேறு நேரத்தில், வேறு தகவலோடு சேர்ந்திருக்க வேண்டியவர்.

அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியம் நிறைய இருக்கிறது. ஐ.டி.டி. டெக் என்ற தொழிற்கல்விக் கம்பெனியின் பயிற்சித் தாள்களில் 'வலிப் புனல்' என்றே ஒரு பக்கம் இருந்ததை அதே செனட் அறிக்கை அச்சிட்டது. கேட்கிறவரின் மனக்காயத்தை மேலோட்டமாகத் தொட்டு ஆரம்பித்து, ஒவ்வொரு கேள்வியாக ஆழமாகக் குத்தி, கடைசியில் 'இதை மாற்ற இன்று என்ன செய்யப்போகிறீர்கள்' என்று கையெழுத்தில் கொண்டுபோய் முடிக்கும் வரிசை அது. கொரிந்தியன் காலேஜஸ் என்ற இன்னொரு கம்பெனி மேல் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் 2013-ல் போட்ட வழக்கில், கம்பெனியின் உள் ஆவணங்களே யாரைக் குறிவைக்க வேண்டும் என்று சொன்னது வெளியே வந்தது: தனிமைப்பட்டவர்கள், பொறுமையில்லாதவர்கள், தன்னம்பிக்கை குறைந்தவர்கள், அக்கறை காட்ட அதிகம் ஆள் இல்லாதவர்கள். 2010-ல் அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. மாறுவேடத்தில் 15 கல்லூரிகளுக்கு ஆட்களை அனுப்பியது. பதினைந்திலும் ஏமாற்றும் பேச்சோ சந்தேகப் பேச்சோ இருந்தது. நான்கில் உதவித்தொகை படிவத்தில் பொய் எழுதவே சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் அழகுக்கலைப் பள்ளியில், முடிதிருத்துபவர் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் டாலர் வரை சம்பாதிக்கலாம் என்றார்கள்.

இப்போது கொரிந்தியனின் அந்தப் பட்டியலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அக்கறை காட்ட ஆள் இல்லாதவரைத் தேடிச் சேர்க்கிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள ஒரு சித்தி, கார் நின்றால் கொண்டுபோய் விட ஒரு அண்ணன், 'இன்னும் மூணு மாசம்தான், பல்லைக் கடிச்சிக்கோ' என்று சொல்ல ஓர் அம்மா. படிப்பை முடிக்க வைப்பவர்கள் இவர்கள்தான், இவர்கள் இல்லாதவர்தான் உங்கள் வாடிக்கையாளர். கையெழுத்து போடவைப்பதற்கு வசதியான பலவீனம் எதுவோ அதுவே அவரைப் பாதியில் நிறுத்தும் பலவீனம். சேர்க்கைக்கும் இடைநிற்றலுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. இந்த வகைச் சேர்க்கையை வைத்துக்கொண்டு, பிறகு மாணவர் நலப் பிரிவில் இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டு இடைநிற்றலைக் குறைக்கிறேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு பக்கம் அவ்வளவு கவனத்துக்கு வராதது. சேருவதற்கு முன் ஒரு மாதம் அந்த ரெப் தினமும் போன் செய்வார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளையின் பிறந்தநாள்வரை தெரிந்து வைத்திருப்பார். வகுப்பு தொடங்கி சில நாளில் அந்தப் போன் நின்றுவிடும், ஏனென்றால் அவர் அடுத்த பேட்சுக்கு ஆள் தேடப் போய்விட்டார். பல பள்ளிகளில் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு பேட்ச் தொடங்கும். மாணவருக்கு அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே முகம் அவர்தான். முதல் சிக்கல் வரும்போது யாரிடம் போவது என்று தெரியாமல் ஒருநாள் வராமல் இருப்பார், மறுநாளும் வரமாட்டார்.

தவறான படிப்பில் சேர்ப்பதும் உண்டு. மருத்துவ உதவியாளர் படிப்புகளின் கடைசியில் ஒரு கிளினிக்கில் கூலியில்லாமல் சில வாரம் வேலை செய்ய வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனை கேட்கும் கிளினிக்குகள் நிறைய. பழைய வழக்கு இருப்பவரைச் சேர்த்துவிட்டு, கட்டணமெல்லாம் கட்டி முடிந்த பிறகு இதைச் சொன்னால் அவர் எங்கே போவார்? கையில் பிள்ளையோடு இரவு வகுப்பில் சேருகிறவரிடம், அந்தக் கிளினிக் வாரங்கள் முழுப் பகல் நேரம் என்பதை முதல் நாளே சொல்லாமல் விடுவதும் இதே ரகம்.

தேர்வு வைத்துச் சேர்க்கிறோமே என்பார்கள். ஒருகாலத்தில் பள்ளிப்படிப்பு முடிக்காதவர்கள்கூட ஒரு திறன் தேர்வில் தேறினால் அரசு உதவி வாங்கலாம். 2009-ல் ஜி.ஏ.ஓ. அனுப்பிய ஆட்கள் எழுதிய இடத்தில், தேர்வு நடத்தியவரே சில விடைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார், விடைத்தாளில் விடைகளும் மாற்றப்பட்டிருந்தன. 2012 ஜூலை முதல் புதியவர்களுக்கு அந்த வழியை மூடினார்கள், பிறகு 2014-ல் குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு மட்டும் திறந்தார்கள். வாசிப்புத் தேர்வில் குறைந்தவரை வெளியே அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு எது வராது என்பது சேரும் அன்றே தெரிந்தால் முதல் வாரமே பக்கத்தில் ஒருவரை உட்காரவைக்கலாம். விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்தத் தகவல் யாருக்கும் கிடைக்காது. மூன்றாவது வாரம் மருந்து அளவுக் கணக்கில் மாட்டிக்கொண்டு அவர் தானாகவே போய்விடுவார்.

அரசு விதிகள் மாணவருக்குப் பாதுகாப்பாகப் போட்ட நாட்களை, பள்ளிகள் தங்கள் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டதும் நடந்தது. கடனைத் திருப்பிக் கட்டாதவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில், முதல் முறை கடன் வாங்கும் முதல் வருட மாணவருக்கு 30 நாள் கழித்துத்தான் கடன் பணம் வரும். ஆகவே முதல் 30 நாள் மட்டும் ஆளை எப்படியாவது வகுப்பில் உட்காரவைக்கும் அக்கறை. அதேபோல் ஒரு பருவத்தில் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பருவத்துக்கான உதவிப் பணம் முழுவதும் 'ஈட்டப்பட்டது' என்று கணக்கு. அதற்கு முன் நின்றால் பள்ளி ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, அந்தத் தொகைக்கு மாணவருக்கே பில் அனுப்பலாம். நிதி உதவி அலுவலகத்தில் எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை இவைதான்: 'நான் ஐந்து வாரம்தான் வந்தேன், எப்படி இரண்டாயிரம் டாலர் பாக்கி?' சேரும் அன்று கையெழுத்துப் போட்ட தாள்களில் இது எழுதித்தான் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'பாதிப் பேர் நிற்கிறார்கள்' என்ற ஒற்றை வரியை வைத்து எல்லாக் கேரியர் ஸ்கூலையும் ஒரே கூடையில் போடக்கூடாது. அரசுப் புள்ளிவிவரத்தில் இரண்டு வருடத்துக்கு உட்பட்ட படிப்புகள் தரும் லாப நோக்குப் பள்ளிகளில் முடிப்பவர்கள் சுமார் 60 சதவீதம். கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரிகளில் முப்பதை ஒட்டித்தான். நான்கு வருடப் பட்டம் தரும் லாப நோக்குக் கல்லூரிகளில்தான் தலைகீழாக, முப்பதைத் தொடவே திணறுகிறார்கள். குறுகிய சான்றிதழ் படிப்பு, ஒரே நேர அட்டவணை, வகுப்புக்கு வராவிட்டால் உடனே போன் என்று நடத்துகிற சின்னப் பள்ளிகள் நன்றாகவே முடிக்க வைக்கின்றன. இதே புள்ளிவிவரம் முதல் முறையாக, முழு நேரமாகச் சேருகிறவர்களை மட்டுமே எண்ணுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். கம்யூனிட்டி காலேஜில் கமிஷன் ஆள் யாரும் இல்லாமலே அவ்வளவு பேர் நிற்கிறார்களே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அங்கே நிற்கிறவர் கடன் குறைவாக நிற்கிறார் என்பது மட்டும்தான் என் பதில். அது சின்ன வித்தியாசமில்லை.

சேர்க்கையை மாற்றினால் உண்மையில் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. ஃபீனிக்ஸ், அனுபவமில்லாத புதிய மாணவர்களுக்கு மூன்று வார இலவச அறிமுக வகுப்பைக் கட்டாயமாக்கியது. அதை முடித்தால்தான் சேர்க்கை, கடன் எல்லாம். கிட்டத்தட்ட அதே நேரத்தில் அட்மிஷன் ஆட்களின் சம்பள முறையையும் மாற்றியது. கேப்லான் பல்கலைக்கழகம் முதல் சில வாரம் படித்துப் பார், பிடிக்கவில்லை என்றால் கட்டணம் வேண்டாம் என்றது. தேறமாட்டார் என்று தெரிந்தவரைப் பள்ளியே அனுப்பியும் விட்டது. ஃபீனிக்ஸில் அடுத்த காலாண்டில் புதிய சேர்க்கை 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பங்குச் சந்தை இதைத் தோல்வி என்று படித்தது. என் வாசிப்பு வேறு: அதற்கு முந்தைய வருடங்களில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கவே வேண்டாம் என்பதற்கு அந்தக் கம்பெனியே தந்த விடை அது. கேப்லான் 2018-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் கையில் போய் பர்டூ குளோபல் ஆனது. மூன்று வார இலவச முன்னோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. எடிஎம்சி வழக்கில் மாநிலங்கள் போட்ட நிபந்தனைகளிலும் இதே யோசனைதான்: புதிதாகச் சேருகிறவர் வளாகத்தில் 7 நாளுக்குள், இணைய வழியில் 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் விலகலாம்.

இந்த முன்னோட்ட வாரங்கள் ஏன் வேலை செய்கின்றன என்றால், நிற்கப்போகிறவர் நிற்பதைத் தடுப்பதால் அல்ல. கடன் ஏறுவதற்கு முன்பே நிற்க விடுவதால். முடிக்கிறவர்களின் சதவீதம் கூடும், அதைவிட முக்கியமாக, முடிக்காதவரின் தலையில் எதுவும் விழாது.

அட்மிஷன் ஆளுக்கு, சேர்த்தவர் படிப்பை முடித்தால் போனஸ் என்று வைத்தால் என்ன? எல்லாருக்கும் உடனே தோன்றும் யோசனைதான் இது. அந்த 12 விதிவிலக்குகளை நீக்கிய 2010 விதிகளில் அதையும் தடுத்தார்கள், முடிப்பதற்கும் முதலில் சேர வேண்டுமே, ஆகவே அதுவும் மறைமுகக் கமிஷன் என்று. நீதிமன்றம் 2012-ல் காரணத்தைச் சரியாக விளக்கச் சொன்னது. 2015-ல் கல்வித் துறை அந்த நிலையைக் கைவிட்டது. எனக்கு இதில் பாதி சம்மதம்தான். போனஸ் வந்ததும் ஆசிரியர் மேல் 'இவரைத் தேற வை' என்று அழுத்தம் வரும், மதிப்பெண்ணின் தரம் கரையும். எனக்குப் பிடித்தது சம்பளத்தைத் தொடாத ஒரு சாதாரண வழக்கம்: ஒவ்வொரு ரெப்பும் சேர்த்த மாணவர்களில் 90-வது நாளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் என்ற பட்டியலை அவரும் அந்த வகுப்பின் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. 'இரவு வகுப்பு என்று நீதான் சொன்னாயாம்' என்று ஆசிரியர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கொரிந்தியன் 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த வளாகங்களை ஒரே நாளில் மூடியது, சுமார் 16,000 பேர் வகுப்பில் இருந்தபோதே. ஐ.டி.டி. 2016-ல் மூடியது. 2022-ல் அரசு கொரிந்தியன் மாணவர்கள் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது, ஐ.டி.டி. மாணவர்கள் 2,08,000 பேருக்கு 390 கோடி. பெரிய பெயர்கள் போய்விட்டன. அட்மிஷன் அறையின் பேச்சு வழக்கம் அத்தனையும் அவற்றோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் உறவுப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் போகும் முன் அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிப்பவர் விகிதம், கடன், பிந்தைய சம்பளம் மூன்றும் இருக்கும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அதே படிப்பு என்ன விலை என்று பார்க்கட்டும். அங்கே இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தால் எத்தனை மாதம் என்றும் கேட்கட்டும். பள்ளிக்குப் போனால், சுற்றிக்காட்டும் ரெப்போடு மட்டும் பேசாமல், ஒரு மாலை வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கட்டும். ஆசிரியரிடம் ஒரே கேள்வி: போன பேட்ச் தொடங்கும்போது எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? கிளினிக் வாரங்கள் பகலா இரவா, பின்னணிச் சோதனை எப்போது, எல்லாம் எழுத்தில் வேண்டும். சேர்க்கை ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, பணம் திரும்பத் தரும் பக்கத்தை உங்களோடு உட்கார்ந்து படிக்கட்டும். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த பேட்சில் இடம் என்று சொன்னால், அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டுவிட்டு வரட்டும். பெரும்பாலும் ஐந்தாறு வாரத்தில் இருக்கும்.